ஒன்பதாம் படி மந்திரங்களின் விலை

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டம் என்பது நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கற்பனை வீரனின் பொறுப்பை ஏற்க, அவர்களுள் ஒருவர் மட்டும் ஆட்ட நடத்துநராக இருந்து அந்த உலகையும் அதன் எதிரிகளையும் இயக்க, முடிவு தெரியாத இடங்களில் பகடை உருட்டித் தீர்ப்புக் காணும் பொழுதுபோக்காகும். இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதலாக அச்சேறியது, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் பெயரில் 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆகும். மூன்று சிறு கையேடுகள் கொண்ட பெட்டி ஒன்றுக்குப் 10 டாலர் என விலை வைத்து முதலில் 1,000 பெட்டிகளே அச்சிடப்பட்டன. அன்று முதல் விதி எழுதுவோரை விடாமல் தொல்லைப்படுத்திவரும் கேள்வி ஒன்று உண்டு: வாளால் ஒருவனை வெட்டும் வீரனும், சொல்லால் காலத்தையே நிறுத்தும் மந்திரவாதியும் ஒரே மேசையில், ஒரே குழுவில், ஏறத்தாழச் சமமான பங்குடன் ஆடுவது எப்படி?

இக்கேள்வியின் வேர் 1974க்கு முந்தியது. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் ஆட்ட விதிநூலின் பின்னிணைப்பாக ஒரு கற்பனைப் பகுதி இருந்தது. அதில் வரும் மந்திரவாதி எறியும் தீக்கோளம் பெரிய கவண்பொறி தாக்கும் பரப்பையும், அவன் விடும் மின்னல் கனரகப் பீரங்கி தாக்கும் பரப்பையும் கொண்டவை என்று விதிக்கப்பட்டது. அதாவது, மந்திரவாதி பிறக்கும்போதே பீரங்கியாகப் பிறந்தவன். ஒரு முழுப் படையைத் தனியொருவர் நடத்தும் போர் ஆட்டத்தில் இதில் குறையில்லை. பீரங்கி காலாட்படையைவிட வலியது என்று எந்தப் படைத்தலைவரும் வருந்துவதில்லை. ஆனால் ஓர் ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு வீரன் என்று ஆட்டம் சுருங்கியபோது, ஒருவர் பீரங்கியாகவும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் ஈட்டிக்காரராகவும் அமர நேர்ந்தது. பிற்காலத்து எல்லாச் சர்ச்சைகளும் இந்தச் சுருக்கத்தின் பிள்ளைகளே.

மந்திரத்துக்கான முதல் தளையைக் கைகாக்ஸ் இலக்கியத்திலிருந்து எடுத்துக்கொண்டார். ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ என்ற கதைத்தொகுதியில், மந்திரவாதிகள் ஒரு மந்திரத்தைப் பெருமுயற்சியுடன் மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள். ஒருமுறை உச்சரித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். ஆட்டத்துக்கு இது மிகவும் வசதியான கருத்து: நாளொன்றுக்கு இன்ன படியில் இத்தனை மந்திரங்கள் என்று எண்ணிக் கொடுத்துவிடலாம். இங்குப் ‘படி’ என்பது மந்திரத்தின் வலிமை வரிசையையும், ‘நிலை’ என்பது வீரன் அனுபவத்தால் அடையும் தேர்ச்சியையும் குறிக்கும். 1974ஆம் ஆண்டுப் பெட்டியில் மந்திரவாதிக்கு ஆறு படிகளே இருந்தன. அடுத்த ஆண்டு கைகாக்ஸும் ராபர்ட் குன்ட்ஸும் எழுதி வெளிவந்த ‘கிரேஹாக்’ என்ற துணைநூல் ஏழு, எட்டு, ஒன்பதாம் படிகளைச் சேர்த்தது. காலத்தை நிறுத்துவது, விண்கற்களைப் பொழிவிப்பது, வேற்றுலகின் வாயிலைத் திறப்பது, ஒரே சொல்லால் கொல்வது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டதைத் தரும் ‘விஷ்’ என்ற வர மந்திரம் ஆகியவை இந்த நூலின் வழியாகவே மந்திரவாதியின் கைக்கு வந்தன.

இந்தப் பெருமந்திரங்கள் அன்றாடப் புழக்கத்துக்கு என்று எழுதப்பட்டவையாகத் தோன்றவில்லை. 1976இல் ‘தி ஸ்ட்ரேடஜிக் ரிவ்யூ’ இதழில் எழுதிய கைகாக்ஸ், ஆண்டுக்கு 50 முதல் 75 அமர்வுகள் ஆடும் சராசரி ஆட்டக்காரர் ஒன்பது முதல் பதினொன்றாம் நிலைக்குள்தான் வந்து சேர்வார் என்று கணக்கிட்டார். அவருடைய பிந்தைய விதிகளின்படி ஒன்பதாம் படி மந்திரம் பதினெட்டாம் நிலையில்தான் கைக்கு வரும். அதற்கு 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஆனால் ஆட்டக்காரர்கள் இந்தக் கணக்கை மதிக்கவில்லை. பல ஊர்களில் நடத்துநர்கள் புதையல்களையும் புள்ளிகளையும் அள்ளி வழங்க, நாற்பதாம் நிலை மந்திரவாதிகள் உலவத் தொடங்கினர். பரிசுகளை வாரி வழங்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் தொகுப்பாளரான மான்ட்டி ஹாலின் பெயரால் இத்தகைய நடத்துநர்களைக் கேலி செய்யும் வழக்கமும் பிறந்தது. தெய்வங்களுக்கும் புள்ளிக்கணக்கு வகுத்து 1976இல் வெளிவந்த துணைநூலின் முன்னுரையில் பதிப்பாசிரியர் டிம் காஸ்க், அந்த நூலே இவர்களுக்குப் புத்தி சொல்லும் கடைசி முயற்சி என்ற பொருளில் எழுதினார். தெய்வங்களின் உயிர்ப்புள்ளியை, அதாவது சாகாமல் தாங்கும் அடியின் அளவை, அச்சிட்டுக் கொடுத்துவிட்டு அவர்களைக் கொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வது எந்த அளவுக்குப் பலிக்கும் என்பது வேறு விஷயம்.

உண்மையான தளைகள் 1978இல் ‘அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டக்காரர் கையேட்டிலும், 1979இல் நடத்துநர் கையேட்டிலும் வந்தன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் அந்த அமைப்பின் சாமர்த்தியம் விளங்கும். ஒரு நிமிடச் சுற்று பத்துக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. தீக்கோளத்துக்கு மூன்று கூறு என்றால் பெருமந்திரங்கள் பல எட்டு, ஒன்பது கூறுகளை விழுங்கின. அதற்குள் மந்திரவாதிமேல் ஓர் அம்பு பட்டாலும் மந்திரம் கெடுவதோடு நினைவிலிருந்தும் போய்விடும். அவனோ கவசம் அணியக்கூடாது. பதினெட்டாம் நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி நான்கு பக்கப் பகடை பதினொன்றும் அதன்மேல் ஏழும். சராசரியாக 34 அல்லது 35. அதே நிலையில் அவன் எறியும் தீக்கோளமோ ஆறு பக்கப் பகடை பதினெட்டு, சராசரி 63. மேலும், அந்தத் தீக்கோளம் 33,000 கன அடி இடத்தை நிரப்பியே தீரும் என்று விதி இருந்ததால், பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட நிலத்தடிப் பாதையில் எறியப்பட்டால் அது முன்னும் பின்னுமாக மொத்தம் 330 அடிக்குப் பாயும். எறிந்தவனையும் அவன் தோழர்களையும் சேர்த்தே எரிக்கும். அடி அளந்து எறியத் தெரியாத மந்திரவாதி நெடுநாள் வாழ்ந்ததில்லை.

செலவான மந்திரத்தை மீண்டும் மனத்தில் ஏற்றவும் விலை இருந்தது. படி ஒன்றுக்குப் 15 நிமிடம் படிக்க வேண்டும் என்பதால், ஒன்பதாம் படி மந்திரம் ஒன்றுக்கு மட்டும் இரண்டே கால் மணி நேரம் தேவை. இது போதிய உறக்கத்துக்குப் பிறகே தொடங்க வேண்டிய வேலை. எனவே எல்லா மந்திரங்களையும் ஒரே நாளில் கொட்டித் தீர்த்த பெருமந்திரவாதி, அவற்றை முழுவதும் மீட்க ஒரு நாளுக்கும் மேல் ஓரிடத்தில் ஒடுங்கிக் கிடக்க வேண்டியிருந்தது. பகைவரின் நிலத்தில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

எல்லாவற்றினும் நுட்பமான தளை வயது. நடத்துநர் கையேட்டின்படி, வர மந்திரத்தை ஒருமுறை உச்சரிப்பவன் மூன்றாண்டு மூப்படைவான். வேற்றுலக வாயிலைத் திறப்பவன் ஐந்தாண்டும், வர மந்திரத்தின் சிறு வடிவத்தைப் பயன்படுத்துபவன் ஓராண்டும் இழப்பான். இறந்தவரை உயிர்ப்பிக்கும் மதகுருவுக்கும் மூன்றாண்டு போகும். நூற்றாண்டுக்கணக்கில் வாழும் எல்ஃபு இனத்தவருக்கு மூன்றாண்டு ஒரு பொருட்டா என்று உடனே கேட்கத் தோன்றும். அதற்கான விடை ஆட்டக்காரர் கையேட்டில் இருந்தது: எல்ஃபு மந்திரவாதி பதினொன்றாம் நிலைக்கு மேல் ஏற முடியாது, அரை எல்ஃபு எட்டாம் நிலையிலேயே நின்றுவிடுவான். ஒன்பதாம் படியை எட்டக்கூடியவன் மனிதன் மட்டுமே. குறுகிய ஆயுள் உடையவனும் அவனே. இன வரம்பு விதியைத் தனியே படிப்பவருக்கு அது அநியாயமாகத் தெரியும்; வயது விதியோடு சேர்த்துப் படித்தால், ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்பது தெரியும். இது திட்டமிட்டு நேர்ந்ததா, தற்செயலா என்பது முக்கியமன்று, விளைவு ஒன்றுதான்.

எதிரிகளின் பக்கத்திலும் ஒரு தடை இருந்தது. மந்திரத்துக்கு ஆளாகும் எவரும் ‘காப்புப் பகடை’, அதாவது அதன் விளைவிலிருந்து தப்ப இருபது பக்கப் பகடை ஒன்றை, உருட்டலாம். பதினேழாம் நிலைப் போர்வீரன் மந்திரத்துக்கு எதிராக 6 அல்லது அதற்கு மேல் உருட்டினால் போதும். நூற்றுக்கு எழுபத்தைந்து முறை தப்பிவிடுவான். வலிய பூதங்களும் இதே பட்டியலைக் கொண்டே உருட்டின. ஒரே சொல்லில் கல்லாக்கும், பித்தாக்கும் மந்திரங்கள் சிறியோரிடம் பலித்துப் பெரியோரிடம் பொய்த்ததால், பெரும்போரில் மந்திரவாதியும் போர்வீரனைப் போலவே எதிரியின் உயிர்ப்புள்ளியைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்கவே வேண்டியிருந்தது.

வர மந்திரம் மட்டும் இந்த அடுக்குகளுக்குள் அடங்கவில்லை. அதற்கான கடைசி வேலியாகக் கைகாக்ஸ் ஆட்ட நடத்துநரின் மனத்தையே நியமித்தார். ஒருவன் இன்னொரு வீரன் இறந்துபோக வேண்டும் என்று வரம் கேட்டால், அந்த வீரன் இயல்பாக இறந்துபோயிருக்கும் எதிர்காலத்துக்குக் கேட்டவனையே தூக்கிப் போட்டு, ஆட்டத்திலிருந்து வெளியேற்றிவிடலாம் என்று 1978ஆம் ஆண்டுக் கையேடு நடத்துநருக்கு வழிகாட்டுகிறது. இதன் பயனாக வரம் கேட்பவர்கள் வழக்கறிஞர் எழுதும் பத்திரத்தைப் போல நிபந்தனை மேல் நிபந்தனையாக வாக்கியம் அமைப்பதும், நடத்துநர் அதில் ஓட்டை தேடுவதும் ஒரு தனிக் கலையாயின. இது வேடிக்கையான ஏற்பாடுதான். ஆனால் நீதிபதியின் குணத்தையே சட்டமாக்கும் ஏற்பாடு. தாராளமான நடத்துநரிடம் வரம் ஆட்டத்தை முடித்துவைத்தது. கடுமையானவரிடம் அதைக் கேட்கவே ஒருவரும் துணியவில்லை.

இதே காலத்தில் பிற ஆசிரியர்கள் வேறு வழிகளை முயன்றனர். கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் வெளியிட்ட ‘டன்னல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ ஆட்டத்தில் மந்திரம் உடல்வலிமையைத் தின்றது; 1978இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ ஆட்டத்தில் தெய்வத்திடமிருந்து பெரிய மந்திரம் பெற விரும்புபவன் தன் ஆற்றல் புள்ளியை நிரந்தரமாகவே பலியிட்டான். ஜானத்தன் ட்வீட்டும் மார்க் ரைன்ஹேகனும் 1987இல் வெளியிட்ட ‘ஆர்ஸ் மேஜிகா’வின் விடை இவை எல்லாவற்றினும் துணிச்சலானது. மந்திரவாதி மற்றவரைவிட வலியவன்தான், அதை மறைப்பானேன் என்று அந்நூல் ஒப்புக்கொண்டு, ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு மந்திரவாதியையும், சாதாரணத் தோழன் ஒருவனையும் வைத்துக்கொண்டு, ஏவலாளரான காவலர்களையும் பகிர்ந்து, அமர்வுக்கு அமர்வு மாறிமாறி ஆட வேண்டும் என்று வகுத்தது. சமநிலை வீரர்களுக்கிடையே தேவையில்லை, ஆட்டக்காரர்களுக்கிடையே இருந்தால் போதும் என்ற இக்கருத்து, பீரங்கியும் ஈட்டிக்காரனும் ஒரே படைத்தலைவரின் கையில் இருந்த பழைய போர் ஆட்டத்தின் தருக்கத்துக்கே திரும்பிச் செல்கிறது.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அந்தப் பாதையில் செல்லவில்லை. டேவிட் குக் தலைமையில் 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு, தீக்கோளத்தின் வலிமை நிலையோடு எல்லையின்றி ஏறுவதைத் தடுத்துப் பத்துப் பகடையோடு நிறுத்தியது. 1977ஆம் ஆண்டுப் பூத நூலின் கணக்கில் மிக முதிய நீல டிராகனுக்கே 80 உயிர்ப்புள்ளிதான் என்பதை நினைத்தால், பதினெட்டுப் பகடைத் தீக்கோளங்கள் இரண்டு போதும் என்பது புரியும். வரம்பு இட்டது சரியே.

பெரிய மாற்றம் 2000இல் வந்தது. ஆட்டத்தை வெளியிட்டுவந்த நிறுவனத்தை 1997இல் விலைக்கு வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், மூன்றாம் பதிப்பை எழுதும் பொறுப்பை மான்ட்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோருடன் ‘ஆர்ஸ் மேஜிகா’வின் அதே ஜானத்தன் ட்வீட்டிடமும் ஒப்படைத்தது. பழைய விதிகளின் முரண்பாடுகளையும் தொல்லைகளையும் நீக்கி, எல்லாவற்றுக்கும் இருபது பக்கப் பகடை ஒன்றே அடிப்படை என்று அவர்கள் சீராக்கினர். இன வரம்பு போயிற்று. வயது போயிற்று, அதற்கு ஈடாக வர மந்திரத்துக்கு 5,000 அனுபவப் புள்ளி விலையாயிற்று. சுற்று ஆறு நொடியாகக் குறைந்து, பெரும்பாலான மந்திரங்கள் உச்சரிப்பவனின் முறைக்குள்ளேயே முடிந்துவிட்டதால் இடையில் அம்பெய்து கெடுப்பது அரிதாயிற்று. தீக்கோளம் இடத்தை நிரப்பிப் பாய்வதை விட்டு ஒழுங்கான உருண்டையாக நின்றது. செலவான மந்திரங்களை மீட்க ஒரு மணி நேரம் போதும் என்றாயிற்று. தனித்தனியாக நோக்கினால் இவற்றுள் ஒன்றையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தொல்லை என்று களையப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு தூணாக இருந்தது என்பது கட்டடம் சாய்ந்த பிறகே தெரிந்தது.

காப்புப் பகடையில் நேர்ந்ததே இதில் பெரிய கேடு. முன்பு எதிரியின் நிலை மட்டுமே தப்பும் வாய்ப்பைத் தீர்மானித்தது. புதிய விதியில் பத்துடன் மந்திரத்தின் படியும், உச்சரிப்பவனின் அறிவுக்கான கூடுதலும் சேர்ந்து இலக்கெண் ஆயிற்று. அறிவுக் கூடுதல் ஏழு கொண்ட மந்திரவாதி ஒன்பதாம் படி மந்திரம் ஒன்றை ஏவினால் இலக்கெண் 26. மனவுறுதியில் பதினேழாம் நிலைப் போர்வீரனின் இயல்பான கூட்டெண் 5. மிகச்சிறந்த காப்பு மேலங்கி அணிந்தால் இன்னும் 5. அவன் பகடையில் 16 உருட்ட வேண்டும்; நூற்றுக்கு இருபத்தைந்து முறைதான் தப்புவான். இருபது ஆண்டுக்கு முன் முக்கால் பங்கு தப்பியவன் இப்போது கால் பங்கு தப்புகிறான், கணக்கு தலைகீழாயிற்று. எதிரியின் உயிர்ப்புள்ளியைக் குறைக்க இனி யாருக்கும் அவசியமில்லை. வீரன் வாளை உருவுவதற்குள் மந்திரவாதி ஒரு சொல்லில் போரை முடித்தான். போர்வீரனின் வலிமை நேர்கோட்டில் வளர, மந்திரவாதியின் வலிமை இருபடியாக வளர்கிறது என்ற வழக்கு ஆட்டக்காரரிடையே நிலைபெற்றதும் இக்கணக்கினால்தான்: நிலை ஏற ஏற மந்திரங்களின் எண்ணிக்கையும் கூடுகிறது, ஒவ்வொன்றின் வலிமையும் கூடுகிறது.

குறைகள் விரைவிலேயே வெளிப்பட்டன. ‘ஹார்ம்’ என்ற ஆறாம் படி மந்திரம், கை பட்டாலே எத்தனை உயிர்ப்புள்ளி உடைய பூதத்தையும், காப்புப் பகடைக்கே வழியின்றி, ஒன்று முதல் நான்கு புள்ளிக்குள் இறக்கிவிட்டது. வேகத்தைக் கூட்டும் ‘ஹேஸ்ட்’ மந்திரம் முன்பு பெற்றவனை ஓராண்டு மூப்படையச் செய்தது. அந்த விலை நீங்கியதும், ஒரு சுற்றில் இரண்டு மந்திரம் உச்சரிக்க அனைவரும் அதை நாடினர். மூன்றே ஆண்டில், 2003இல், திருத்திய பதிப்பு வந்து ‘ஹார்ம்’ மந்திரத்துக்கு 150 புள்ளி உச்சவரம்பு வைத்தது. ‘ஹேஸ்ட்’ தந்த கூடுதல் செயலையும் பறித்தது.

2008இல் ராப் ஹைன்ஸூ தலைமையில் வந்த நான்காம் பதிப்பு, சிக்கலை வேரோடு பிடுங்கியது. மந்திரவாதி, போர்வீரன், மதகுரு என எல்லார்க்கும் எப்போதும் செய்யக்கூடியவை, ஒரு மோதலுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை, நாளுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை என ஒரே வகையான ஆற்றல்கள் ஒரே கணக்கில் வழங்கப்பட்டன. போருக்கு வெளியே பயன்படும் பெருமந்திரங்கள் நீண்ட நேரமும் பொருட்செலவும் கொண்ட சடங்குகளாகப் பிரிக்கப்பட்டன. வர மந்திரம் மந்திரவாதியின் பட்டியலில் இல்லாமலே போயிற்று. சமநிலை என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இதைவிடச் செம்மையான பதிப்பு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் ஆட்டக்காரர் பலருக்கு அதில் மந்திரமே இல்லை என்று பட்டது. 2009இல் பைஸோ நிறுவனம் பழைய மூன்றாம் பதிப்பு விதிகளையே திருத்தி ‘பாத்ஃபைண்டர்’ என்று வெளியிட்டபோது பெருந்திரள் அதன்பின் சென்றது. சமமற்ற ஆட்டம் என்று பல்லாண்டு முறையிட்டவர்களே, சமமான ஆட்டம் கைக்கு வந்ததும் பழையதைத் தேடிப் போனது இந்த வரலாற்றின் சுவையான திருப்பம்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு பழைய மந்திரங்களை மீட்டு, தளைகளைப் புது உருவில் பூட்டியது. இருபதாம் நிலை மந்திரவாதிக்கும் நாளொன்றுக்கு எட்டாம் படியில் ஒன்று, ஒன்பதாம் படியில் ஒன்று என்ற அளவே கொடுக்கப்பட்டது. நீடித்து நிற்கும் மந்திரங்கள் பெரும்பாலானவற்றுக்கு ‘மன ஒருமைப்பாடு’ தேவை. ஒரு நேரத்தில் ஒன்றையே மனத்தில் நிறுத்தலாம், அடி பட்டால் அது குலையலாம். முன்பு அம்பு செய்த வேலையை இந்த விதி வேறு வகையில் செய்கிறது. பெரும்பூதங்கள் பலவற்றுக்கு நாளுக்கு மூன்று முறை காப்புப் பகடையில் தோற்றாலும் வென்றதாக அறிவிக்கும் உரிமை தரப்பட்டது. 1979இன் முக்கால் பங்கு வாய்ப்பு மூன்று சீட்டுகளாகத் திரும்பி வந்தது என்று சொல்லலாம். இது மொட்டையான கருவி. முதல் மூன்று மந்திரங்கள் வீண் என்று தெரிந்ததும், ‘ஃபோர்ஸ்கேஜ்’ போன்ற, காப்புப் பகடை கேளாமல் எதிரியைச் சிறையிடும் மந்திரங்களை நோக்கி ஆட்டக்காரர் நகர்ந்தனர். 2019ஆம் ஆண்டின் ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பு இதையே நுணுக்கமாகச் செய்தது: எதிரியை ஒரேயடியாக முடக்கும் மந்திரங்களுக்குத் தனி அடையாளம் இட்டு, அவற்றை மிஞ்சிய நிலையில் இருப்பவர் காப்புப் பகடையில் பெறும் முடிவு ஒரு தரம் உயரும் என்று விதித்தது.

வர மந்திரத்தைப் பொறுத்தவரை, ஐந்தாம் பதிப்பு நடத்துநரின் குறும்புக்கு அருகே பகடையையும் அமர்த்தியது. எட்டாம் படி வரையுள்ள எந்த மந்திரத்தையும் அதன் வழியே தீங்கின்றி ஏவலாம். அதற்கு அப்பால் ஏதேனும் கேட்டால், உடல்வலிமை சில நாள் மூன்றாகக் குன்றுவதோடு, இனி வாழ்நாளில் ஒருபோதும் அந்த மந்திரத்தை உச்சரிக்க முடியாமல் போவதற்கு 33 விழுக்காடு வாய்ப்பும் உண்டு. தீங்கற்றது என்று விடப்பட்ட அந்த முதல் வாசலிலேயே ஆட்டக்காரர் கன்னம் வைத்தனர். ‘சிமுலாக்ரம்’ என்ற ஏழாம் படி மந்திரம், பன்னிரண்டு மணி நேர உழைப்பிலும் 1,500 பொற்காசு மதிப்புள்ள மாணிக்கப் பொடியிலும், மந்திரவாதியின் மந்திரங்களோடு கூடிய பனி உருவம் ஒன்றைப் படைக்கும். வர மந்திரத்தைச் செலவிடாத நிலையில் அப்படி ஓர் உருவத்தைப் படைத்தால், உருவத்திடமும் வர மந்திரம் இருக்கும். அது அந்த வரத்தால், நேரமோ மாணிக்கமோ இன்றி, தன் தலைவனின் இன்னோர் உருவத்தைப் படைக்கும். அந்த உருவம் மற்றொன்றை. இவ்வாறு ஒரே பகலில் ஒரு மந்திரவாதிப் படையே எழும். பெரும்பாலான நடத்துநர்கள் தம் மேசையில் இதை அனுமதித்ததில்லை என்றாலும், பத்தாண்டுகள் அச்சிட்ட விதியில் இதற்குத் தடை இருக்கவில்லை. 2024இல் வந்த புதிய ஆட்டக்காரர் கையேடு ‘ஃபோர்ஸ்கேஜ்’ மந்திரத்துக்கு மன ஒருமைப்பாட்டைக் கட்டாயமாக்கியது. ‘சிமுலாக்ரம்’ படைத்த உருவம் அதே மந்திரத்தைத் தானே உச்சரிக்க இயலாது என்ற விதியையும் சேர்த்தது.